குந்தவை தின்ன கடற்கரை மண்ணு

குடவாசல் பக்கத்துல எங்க ஊர்ல இப்ப ஓடுற சேதி என்னன்னா, குந்தவை மண்ணைத் தின்னுட்டா.

சும்மா தின்னலயாம். வேதாரண்யத்துல மாப்பிள்ளை வீட்டுக் கூடத்துல, பத்துப் பதினஞ்சு பேருக்கு முன்னாடி, கடற்கரை மண்ணைக் கை நிறைய அள்ளி வாயில போட்டு, “எங்கண்ணன் மவ இந்த வீட்டுக்குத்தான் மருமவ, இந்த மண்ணு மேல சத்தியம்”னு கத்துனாளாம். டீக்கடையில நான் கேட்டப்ப ஒரு பிடி மண்ணு. ரேஷன் கடை வரிசையில அது ரெண்டு பிடி ஆயிடுச்சு. உரக்கடையில அரைப்படி. திருவாரூர் பஸ் ஸ்டாண்டுல எவனோ ஒருத்தன் எங்கிட்டயே சொல்றான், “அந்த அம்மாவ ஆஸ்பத்திரில போட்டு வயித்தைக் கழுவுனாங்களாம்ண்ணே, ஒரு சட்டி மண்ணு வந்துச்சாம்!”

எங்கிட்டயே. அன்னைக்கு அத்தனை பேரையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயி திருப்பிக் கொண்டாந்து எறக்குனது நானு. எம்பேரு இராஜாங்கம். நான் பொய் சொல்லுவேன், இல்லேங்கல. ஆனா இந்த விஷயத்துல பொய்யை விட நிஜம் ருசியா இருக்கு. அதனால நடந்ததையே சொல்லிடுறேன்.

குந்தவை யாருன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். வயசு நாப்பத்தி நாலு. ஆளு உயரம் கம்மி, குரலு அதுக்கும் சேத்து. அவ வீட்டுக்காரரு இளஞ்செழியன் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வெல்டரா இருக்காரு. நாலு வருஷம் முன்னாடி குந்தவை போன்ல பாத்து சாக்லேட் ஊத்தப் பழகுனா. “ரோசாப்பூ அச்சு ஒண்ணு வாங்கி அனுப்புங்க”ன்னு அவருகிட்ட கேட்டா. அவரு கடைக்குப் போயி, கண்ணாடி போடாம, கைக்குக் கிடைச்ச பாக்கெட்டைத் தூக்கி பார்சல்ல போட்டுட்டாரு. இங்க வந்து பிரிச்சா உள்ள சங்கு, சிப்பி, நட்சத்திர மீனு, கடல்குதிரை.

“ஏங்க, நான் கேட்டது ரோசாப்பூ. நீங்க அனுப்பிருக்கிறது மீன் மார்க்கெட்டு.”

“ரப்பர் அச்சுதான புள்ள. எதுல ஊத்துனா என்ன, இனிப்பு இனிக்காதா?”

நாலு நாள் அவருகிட்ட பேசல. அஞ்சாம் நாள் ஊத்திப் பாத்துட்டா.

வேடிக்கை என்னன்னா, அவளுக்குக் கடலே ஆகாது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வேளாங்கண்ணிக்குப் போயிருக்கா. அலை வந்து ஒத்தைச் செருப்பை இழுத்துட்டுப் போயிடுச்சு. மிச்ச நேரம் பூரா கடலுக்கு முதுகைக் காட்டி நின்னு கடைங்களைப் பாத்துட்டு வந்தவ. அப்பேர்ப்பட்டவ வீட்டு அடுப்படியில இன்னிக்கு ஒரு கடற்கரையே இருக்கு.

மொதல்ல சும்மா சிப்பிதான் செஞ்சா. வெள்ளை சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்து மேல வச்சு உருக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள தெறிச்சாலும் அது திரிஞ்சு சிமெண்டு மாதிரி ஆயிடும். அப்படி ஆன மொதக் கட்டியை எனக்குத்தான் குடுத்தா. “தின்னுண்ணே, நல்லாருக்கும்”னா. ஒரு வாரம் என் கடவாப்பல்லு தனியாப் பேசிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் கடல் வேணும்னு ஆசை வந்துச்சு. கடல்பாசி தெரியும்ல, நோம்பு மாசத்துல கடையில நூலு நூலா வெள்ளையாத் தொங்கும், காய்ச்சி ஆற வச்சா கட்டியா நின்னு ஆடும். அதைக் காய்ச்சி, வேலியில படந்து கெடந்த சங்குப்பூவைப் பறிச்சு வெந்நீர்ல போட்டு அந்த நீலத்தை ஊத்துனா. அருமையான கடல். அதோட விட்டாளா, புளிப்பு வேணும்னு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா. பிழிஞ்ச கையோட கடல் கத்திரிக்காய் கலருக்கு மாறிடுச்சு. அன்னைக்கு ஒரு வாத்தியார் வீட்டுப் பொறந்தநாளு. வேற வழியில்லாம அதையே கொண்டுபோயி வச்சு, “இது சாயங்கால நேரத்துக் கடல்”னு சொல்லிட்டு வந்துட்டா. புள்ளைங்க நம்பிடுச்சு. வாத்தியாரும் நம்பிட்டாரு.

அதுலேர்ந்து குடவாசல் சுத்துவட்டாரத்துல பொறந்தநாளுன்னா குந்தவை வீட்டுக் கடற்கரைதான். ஆத்துல தண்ணி வருதோ இல்லையோ, அவ அடுப்படியில கடல் வத்தாது.

இப்ப கதைக்கு வருவோம். குந்தவையோட அண்ணன் வைரக்கண்ணு. மூணு வேலி நெலம், ஒரு வேலி கோவம். அவரு மவ வானதி நாகப்பட்டினத்துல ரத்தம் சோதிக்கிற லேப்புல வேலை பாக்குது. அதே லேப்புல வேலை பாக்குற தம்பி பரிதி, வேதாரண்யத்துக்காரன், உப்பளத்துக் குடும்பம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துப் பேசி முடிவு பண்ணிட்டுதான் வீட்டுலயே சொல்லிச்சு. வைரக்கண்ணு ஒரு மாசம் உர்ருன்னு இருந்தாரு. குந்தவைதான் பேசிப் பேசி, “பையன் வீட்டை ஒரு தடவை போயிப் பாப்போம்ண்ணே, பிடிக்கலன்னா எந்திரிச்சு வந்துடுவோம்”னு ஒத்துக்க வச்சா.

இங்க ஒரு வழக்கம் இருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டைப் பாக்கப் போறப்ப, சம்மதம்னாதான் அங்க கை நனைக்கிறது. அதாவது சாப்புடுறது. பிடிக்கலன்னா பச்சைத் தண்ணி கூட தொடாம, “போயி சொல்லி அனுப்புறோம்”னு கும்புடு போட்டு வந்துடலாம், ஒரு மனஸ்தாபமும் இல்ல. கை நனைச்சுட்டா நனைச்சதுதான். அப்புறம் மாட்டேன்னா ஊருக்கு ஊரு பகை.

வானதி வரல, பொண்ணு வரக்கூடாதுல்ல. கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அத்தை வீட்டு அடுப்படியில வந்து நின்னுச்சு. நான் அப்ப கேஸ் சிலிண்டர் எறக்கிக்கிட்டு இருந்தேன், காதையா கழட்டி வைக்க முடியும்?

“அத்தை, அப்பா அங்க ஏதாவது ஒரு சொல்லு பொறுக்காம எந்திரிச்சுட்டா அதோட முடிஞ்சுது. எனக்கு அவனை விட்டா வேற யாரும் வேணாம். நீ இருந்து பாத்துக்க.”

“உங்கப்பன் எந்திரிச்சா வேட்டியப் புடிச்சு உக்கார வைக்கிறேன், போ. போயி அந்த முந்திரிய ரெண்டா ஒடை.”

முந்திரி எதுக்குன்னா நண்டுக்குக் கொடுக்கு. வெறுங்கையோட போகக் கூடாதுன்னு குந்தவை ஒரு பெரிய தாம்பாளத்துல கடற்கரை செய்ய ஆரம்பிச்சிருந்தா. வைரக்கண்ணு பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு.

“ஏ குந்தவை, ரெண்டு கிலோ ஜாங்கிரி வாங்கிட்டுப் போனா ஆகாதா? கடலுக்குப் பக்கத்துல இருக்கறவனுக்குக் கடலாடி? நமக்கு எவனாவது நெல்லைக் கொண்டாந்து குடுத்தா நாம சிரிக்க மாட்டோம்?”

“நெல்லு மாதிரி மைசூர்பாகு செஞ்சு கொண்டாந்தா சிரிச்சுக்கிட்டே திம்ப. பேசாம போண்ணே.”

ரெண்டு நாள் பாடுபட்டா. தாம்பாளத்துல ஒரு பக்கம் நீலக் கடல்பாசி, இந்தத் தடவை எலுமிச்சம்பழத்தைக் கண்ணுலயே காட்டல. கரையில அலை நுரைக்குத் தேங்காய்ப்பால் ஊத்தி ஒரு வெள்ளைக் கோடு. நட்சத்திர மீனு தேங்கா பர்பியில. நண்டுக்கு ஒடம்பு பேரீச்சம்பழம். படகு கடலைமிட்டாய், அதுக்குப் பாயா சீனிப்பாகை தட்டுல மெலிசா ஊத்தி ஒடைச்ச சில்லு. அவங்க உப்பளத்துக்காரங்கன்னு ஒரு மூலையில சீனியைக் குட்டிக் குட்டிக் குவியலா, உப்பு அம்பாரம் மாதிரி வச்சா. இது அத்தனைக்கும் கீழ, தாம்பாளம் பூரா, மணலு. பொட்டுக்கடலையை நறநறன்னு பொடிச்சு, வறுத்த ரவை, நாட்டுச்சக்கரை, ஏலக்காய் சேத்துப் பெரட்டுனது. என்னதான் கோள் சொல்ற வாயா இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும், அது அச்சு அசல் மணலு. எங்க வீட்டுப் பூனை அங்க வந்து அதைப் பாத்த பார்வையே சரியில்ல. குந்தவை வெளக்குமாத்தோட நின்னா.

வைகாசி வெயிலு. சாக்லேட் சிப்பி உருகிடும்னு ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டி வேணும். ஊர்ல அது மீன்காரரு ஒருத்தருகிட்டதான் இருக்கு. நான் வாங்கியாந்தேன். குந்தவை மூக்கைப் பொத்திக்கிட்டு, “ஏண்ணே, இதுல வச்சா சிப்பி உசுரோட எந்திரிச்சுடும்”னா. மூணு தடவை புளி போட்டுக் கழுவி, வெயில்ல காய வச்சு, வாழை எலை விரிச்சுதான் உள்ள வச்சா.

திருத்துறைப்பூண்டி தாண்டுற வரைக்கும் தாம்பாளத்தை மடியிலேயே வச்சிருந்தா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் பேரைச் சொல்லி ஒரு வசவு. வைரக்கண்ணு முன் சீட்டுல, வெள்ளை வேட்டியோட. பின்னாடி சொந்தக்காரங்க நாலு பேரு.

பரிதி வீடு நல்ல வீடு. வாசல்ல வந்து கூப்புட்டாங்க, பாய் விரிச்சாங்க. அந்தத் தம்பி பச்சை சட்டை போட்டுக்கிட்டு, யாரைப் பாத்தாலும் கும்புட்டுக்கிட்டு நிக்கிது. வேன் டிரைவருன்னு தெரியாம என் கால்ல கூட விழுந்துச்சு. நான் நல்லாருன்னு சொல்லிட்டேன், காசா பணமா?

அப்பா அம்மா ரெண்டு பேரும் சாதுவான ஆளுங்க. அந்த வீட்டுல பேசுற வேலை அவங்க அத்தை ரெங்கம்மாளுக்கு. பரிதியோட அப்பாவுக்கு அக்கா. அறுபத்தஞ்சு இருக்கும். கூடத்து நடுவுல நாற்காலியில அந்தம்மா உக்காந்திருந்த தோரணையில, மத்தவங்க எல்லாம் மனு குடுக்க வந்தவங்க மாதிரி தெரிஞ்சாங்க. உள்ள சாப்பாடு ரெடி. கொழம்பு வாசனை என் மூக்கைப் புடிச்சு இழுக்குது. வைரக்கண்ணு தலையாட்டணும், எலை போடணும், அவ்ளோதான் பாக்கி.

குந்தவை தாம்பாளத்தைக் கொண்டுபோயி அந்தம்மா முன்னாடி வச்சு, சிப்பியெல்லாம் பெட்டியிலேர்ந்து எடுத்து அடுக்கி, மேல மூடியிருந்த துணியை விலக்குனா.

ரெங்கம்மாள் குனிஞ்சு பாத்துச்சு. வெரல நீட்டி, தொடாம, மணல்கிட்ட கொண்டுபோயி நிறுத்துச்சு.

“இது என்ன?”

“கடற்கரைங்கம்மா.”

“கடற்கரையா. உப்பு வச்சிருக்க, சரி. எங்க பொழப்பு. மண்ணு எதுக்கு வச்ச?”

“அம்மா, அது மண்ணு இல்ல...”

“சுபகாரியம் பேச வந்த எடத்துல தட்டு நெறைய மண்ணை அள்ளிக் கொண்டாந்து நடுக்கூடத்துல வைக்கிறீங்களே, உங்க ஊர்ல இப்படித்தானா?” குரல் ஏறிடுச்சு. “எங்களுக்கா மண்ணு தெரியாது? புயலு அடிச்ச வருஷம் கடலு வந்து இந்தக் கூடத்துல முட்டி மட்டும் சேத்தைக் கொட்டிட்டுப் போச்சு. ஒரு மாசம் மண்வெட்டியால அள்ளுனேன். சோறு பொங்குற பானைக்குள்ள மண்ணு. சாமி படத்துக்குப் பின்னாடி மண்ணு. இனி இந்த வீட்டுக்குள்ள மண்ணு வரக்கூடாதுன்னு கும்புட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க அதுக்குப் பூ வச்சு, நண்டு வச்சுக் கொண்டாறீங்க!”

அது சொன்னதுல நாயம் இருக்கு பாருங்க. பரிதி, “அத்தை, அது ஸ்வீட்டு”ன்னான். “நீ பேசாதடா”ன்னுச்சு. குந்தவை, “அம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க”ன்னா. “என்னத்தக் கேக்குறது”ன்னுச்சு. அவங்க சொந்தக்காரரு ஒருத்தரு, “நெல்லு வெளையிற ஊர்க்காரங்களுக்கு நம்மளப் பாத்தா எளக்காரம்”னு தூபம் போட்டாரு. எங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தரு, “யாருய்யா எளக்காரம் பண்ணது?”ன்னு துண்டை ஒதறுனாரு. கால் மணி நேரம் இதே கூத்து. தாம்பாளம் நடுவுல, தொறந்தபடி, ஃபேனு காத்துல.

வைரக்கண்ணு மூஞ்சியப் பாத்தேன். செவந்து போச்சு. எந்திரிச்சுட்டாரு.

“எங்கூடப் பொறந்தவ ரெண்டு நாள் கண்ணு எரிய அடுப்புல நின்னு செஞ்சது. அதை மண்ணுங்கிறீங்க. சரிங்கம்மா, மண்ணாவே இருக்கட்டும். இன்னும் நாங்க இங்க ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. எல்லாரும் எந்திரிங்க, போலாம். இராஜாங்கம், வண்டிய எடு.”

எனக்கு அந்தக் கொழம்பு வாசனையை விட்டுட்டுப் போக மனசே இல்ல. அது கெடக்கட்டும். குந்தவை இடுப்புல இருந்த போனு அப்ப அடிக்கிது. வானதிதான், வேற யாரு. எடுக்கல. பரிதி கதவு நெலையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், பச்சை சட்டை வேர்த்து இன்னும் பச்சையாயிடுச்சு. வைரக்கண்ணு ஒரு கால் செருப்புல நுழைச்சாச்சு.

அப்பதான் அது நடந்துச்சு. குந்தவை குனிஞ்சா. தாம்பாளத்து ஓரத்துலேர்ந்து ஒரு பிடி மணலை அள்ளுனா. வாயில போட்டா. கண்ண மூடிக்கிட்டு மென்னா. நறுக்கு நறுக்குன்னு சத்தம் எனக்கு வாசல்ல கேட்டுச்சு.

கூடத்துல இருந்த அத்தனை கழுத்தும் அவ பக்கம் திரும்புச்சு.

ரெங்கம்மாள் மெதுவா நாற்காலியில சாஞ்சுச்சு. “கை நனைச்சாச்சு”ன்னுச்சு.

வைரக்கண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “இல்ல, இல்ல. அது நாங்க கொண்டாந்த பண்டம். உங்க வீட்டுச் சாப்பாடு இல்ல.”

“எங்க வீட்டுக் கூரைக்குக் கீழ தின்னது.”

“எங்க வீட்டு அடுப்புல வெந்தது!”

“வெந்ததா? அப்ப மண்ணு இல்லேங்கிற?” ரெங்கம்மாளுக்கே சந்தேகம் வந்துடுச்சு.

பக்கத்துல இருந்த பெரியவரு ஒருத்தரு, “பொண்ணு வீட்டுப் பண்டம்னா சேராது”ன்னாரு. இன்னொருத்தரு, “எடம்தான் கணக்கு, பண்டம் கணக்கு இல்ல”ன்னாரு. கோர்ட்டு மாதிரி ஆயிடுச்சு. ஒரு காலு செருப்புல, ஒரு காலு வெளியில வச்சுக்கிட்டு வைரக்கண்ணு நிக்கிறாரு. குந்தவை இன்னும் மென்னுக்கிட்டே இருக்கா. பொட்டுக்கடலை பொடி பாருங்க, தொண்டையில போயி அடைச்சு இரும ஆரம்பிச்சுட்டா.

பரிதி ஓடுனான் பாருங்க. அடுப்படிக்குப் போயி ஒரு சொம்புத் தண்ணியோட வந்தான். குந்தவை வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சா. பாதி கையில வழிஞ்சு முழங்கை வரைக்கும் ஓடுச்சு.

“தண்ணி நம்ம வீட்டுது”ன்னான் பரிதி, அத்தையப் பாத்து. அந்தத் தம்பி லேப்புல என்ன வேலை பாக்குதோ தெரியாது, வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

ரெங்கம்மாள் ரெண்டு வெரலால ஒரு சிட்டிகை மணலை எடுத்து, மோந்து பாத்து, நாக்கு நுனியில வச்சுச்சு. மறுபடி ஒரு சிட்டிகை எடுத்துச்சு. அடுத்தது சிட்டிகை இல்ல, உள்ளங்கை.

“பொட்டுக்கடலையா?”

“ஆமாங்கம்மா.”

“ரவையும் இருக்கா?”

“வறுத்துப் போட்டதுங்க.”

“அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க எங்க என்னைச் சொல்ல விட்டீங்க?”

ரெங்கம்மாள் சிரிச்சுடுச்சு. பல்லு பூரா பொட்டுக்கடலை. “வந்து உக்காருங்க சம்பந்தி, செருப்பைக் கழட்டுங்க. டேய் பரிதி, எலையப் போடச் சொல்லு. இந்த நண்டை யாரும் தொடாதீங்க, அது எனக்கு.”

வைரக்கண்ணு செருப்பைக் கழட்டுனாரு. மூணு தடவை மீன் கொழம்பு வாங்கிச் சாப்புட்டாரு. நான் எத்தனை தடவைன்னு கேக்காதீங்க. ஆவணியில கல்யாணம்னு நாள் குறிச்சாச்சு.

ஊருக்குத் திரும்பி வந்து எறங்குனதுலேர்ந்துதான் இந்தக் கதை கைகால் மொளச்சுக் கெளம்புச்சு. நானும் ஒரு ரெண்டு எடத்துல சொன்னேன், சத்தியம்னு ஒரு வார்த்தை வாய் தவறி விழுந்திருக்கலாம், அதை விடுங்க. எல்லாரும் குந்தவையைத் தெய்வம் மாதிரி பேசுறாங்க. அண்ணன் மவளுக்காக ஒரு நொடியில என்னா யோசனை, என்னா தியாகம், கை நனைக்கிற வழக்கத்தை வச்சே மடக்கிட்டாளேன்னு. வானதி வந்து அத்தை கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதுச்சாம். எனக்கே நெஞ்சு உருகிப் போயி நேத்து அவ வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பெரிய கடற்கரை ஒண்ணு வேணும்னு ரெங்கம்மாளே சொல்லி அனுப்பியிருக்கு. குந்தவை மிக்ஸியில பொட்டுக்கடலை ஓட்டிக்கிட்டு இருந்தா.

“தங்கச்சி, ஊரே உன்னைப் பத்திதான் பேசுது. அந்த எடத்துல மணலை அள்ளித் தின்னு கல்யாணத்தைக் காப்பாத்தணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

மிக்ஸியை நிறுத்துனா. என்னை மேலயும் கீழயும் பாத்தா.

“யாருண்ணே காப்பாத்துனது? மூடுன துணிய நான் எடுத்ததுலேர்ந்து அந்தம்மா கால் மணி நேரம் சண்டை போட்டுச்சு. அங்க அடிக்கிறது கடல் காத்து. மணலு நமுத்துப் போயிருக்குமோன்னு ஒரு வாய் போட்டுப் பாத்தேன். நமுக்கல. அவ்ளோதான்.”